ரிப்பன் மைக்கின் இரண்டு பக்கம்

பழைய பாட்டுகளைப் பழைய மெஷினில் பதிய வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இருக்கவில்லை. என் ஆசை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில், சுவிஸில் வில் என்ற சின்ன ஊரிலிருந்து வரும் ரயில் நான் இருக்கும் வின்டர்தூரில் நிற்க வேண்டும். அதிலிருந்து எங்கள் பாடகி ஒரு சாப்பாட்டுப் பையோடு இறங்க வேண்டும். நான் வேறு ஏதோ வேலையாக ஸ்டேஷனுக்கு வந்தவன்போல அங்கே நிற்க வேண்டும். ஒரு நாள் நடந்தால் தற்செயல் என்று சொல்லலாம். ஒவ்வொரு ஞாயிறும் நடப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அந்தக் காரணமாக ஒரு ஆல்பம் அமைந்தது.

எங்கள் பாட்டுக் குழுவின் நாலு பேரையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரன். வார நாட்களில் உருளைக்கிழங்கு மசிப்பவன், வார இறுதிகளில் கலியாண வீடுகளிலும், பெண் பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடுகளிலும் பழைய சினிமாப் பாட்டுப் பாடுபவன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்வேன். டோலக் வாசிப்பவன் என் மச்சான். இரத்த உறவு எதுவும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் இரண்டு தட்டுக் கட்டிலில் அவன் மேலே, நான் கீழே. அப்போது தொடங்கிய மச்சான் முறை. இப்போது பாடன் நகரில் பஸ் ஓட்டுகிறான். கீபோர்ட் வாசிப்பவள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ரயில் சிக்னல்களைப் பரிசோதிக்கிற என்ஜினியர். எங்கள் எல்லோரையும்விட மிகவும் இளையவள், எங்கள் எல்லோரையும் அதட்டுபவளும் அவள்தான்.

நாலாவது ஆள் பாடகி. அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, ஆகவே சுருக்கிக்கொள்கிறேன். வில்லில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. கணவர் எப்போதோ பிரிந்து பிரான்சுக்குப் போய் அங்கே வேறு குடும்பமாகிவிட்டார். அதைப் பற்றி யாராவது அனுதாபமாகக் கதைக்கத் தொடங்கினால், “நல்ல மனுசன், கெதியாப் போயிட்டார்” என்று சொல்லிச் சிரிப்பார். ஒரே மகன் கனடாவில். மருமகளுக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. அம்மா வந்து தங்களோடேயே இருக்க வேண்டும் என்று மகன் கிழமைக்கொரு தடவை போனில் கேட்டுக்கொண்டிருந்தான். “யோசிக்கிறன்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த யோசனை எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் என் நித்திரையைக் கெடுத்த விஷயம். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? உரிமை வேண்டுமென்றால் வேறொன்றைக் கேட்க வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை. போதாக்குறைக்கு, எல்லோரையும் கூப்பிடுவதுபோல என்னையும் “அண்ணை” என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு “அண்ணை”க்கும் எனக்கு நெஞ்சில் ஒரு குத்து.

அந்த நேரத்தில்தான் கீபோர்ட் பிள்ளை ஒரு மெஷினோடு வந்து நின்றாள். பழைய சாமான் விற்கும் கடையில், எங்கள் ஊர் ஆட்கள் புரொக்கி என்று சொல்வார்களே, அங்கே தூசிக்குள் கிடந்ததாம். ஏதோ வானொலி நிலையம் கழித்துவிட்ட டேப் மெஷின், அவளைவிட வயது கூடியது. மேலே இரண்டு பெரிய சக்கரங்கள், முன்னால் முள் ஆடும் இரண்டு கண்ணாடி வட்டங்கள், உள்ளே சூடேறினால் செம்மஞ்சளாக ஒளிரும் வால்வுகள். அதனோடு ஒரு ரிப்பன் மைக், பெட்டி நிறைய டேப் சுருள்கள். நானும் மச்சானும் அதை காரிலிருந்து இறக்கியபோது என் முதுகில் ஏதோ ஒன்று சத்தம் போட்டது, அது இன்னும் முழுதாக அடங்கவில்லை.

“அங்கிள், கம்ப்யூட்டரிலை உங்கடை குரலைத் தட்டி நிமித்தித் தட்டி நிமித்தி எனக்கு அலுத்துப்போச்சுது,” என்றாள் பிள்ளை. “இதிலை ஒண்டும் திருத்த ஏலாது. ஒவ்வொரு ஞாயிறும் நாலு பேரும் ஒண்டா நிண்டு பாட வேணும். பிழைச்சால் முதலிலை இருந்து. அந்தக் காலத்திலை அப்பிடித்தானே செய்தவை?”

அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒவ்வொரு ஞாயிறும், நாலு பேரும் ஒன்றாக என்ற இரண்டும் என் காதில் விழுந்தவுடன், “ஓம் ஓம், எனக்கு இது கன நாள் ஆசை” என்று சொல்லிவிட்டேன். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரியும்.

ஐந்து பாட்டு என்றுதான் தொடங்கினோம். பாடகி கையில் எடுத்த ஒன்றை முடிக்காமல் விடுகிற ஆள் இல்லை, ஆகவே ஆல்பம் முடியும்வரை கனடாவுக்கு ஆம் என்று சொல்லமாட்டார் என்பது என் கணக்கு. ஐந்தாவது நெருங்கியபோது இன்னுமொரு பாட்டில்லாவிட்டால் ஆல்பம் மொட்டையாக இருக்கும் என்றேன். ஆறாவதுக்குப் பிறகு, மழைப் பாட்டு ஒன்றும் இல்லாமல் ஒரு ஆல்பமா என்று கேட்டேன். இப்படி எட்டு வரைக்கும் இழுத்துவிட்டேன். கடைசிக்கு ஒரு டூயட்டை வைத்திருந்தேன், எழுபதுகளின் பாட்டு ஒன்று. அதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் கலை இல்லை, பயம்.

பதிவு நான் குடியிருக்கும் கட்டிடத்தின் நிலக்கீழ் பாதுகாப்பு அறையில். போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்காக இந்த நாட்டில் கட்டிடங்களுக்கு அடியில் கட்டி வைத்திருக்கும் அறை. கான்கிரீட் கதவை மூடினால் உலகம் அழிந்தாலும் சத்தம் கேட்காது. போருக்குப் பயந்து வந்த எங்களுக்கு அந்த அறைக்குள் உட்கார்ந்து காதல் பாட்டுப் பாடுவதில் ஒரு தனி உற்சாகம் இருந்தது. போர் வராததால் அங்கே அயலவர்களின் பனிச்சறுக்குக் கட்டைகள், வைன் போத்தல்கள், என் அரிசி மூட்டைகள் எல்லாம் ஒன்றாகக் குடியிருந்தன. சுவரில் எதிரொலிக்காமல் இருக்கப் பாடகி தன் பழைய சேலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். மூலைகளில் என் அரிசி மூட்டைகளை அடுக்கச் சொன்னாள் பிள்ளை. பாஸ் என்கிற அடித்தொனியைக் குடிப்பதற்கு பஸ்மதிதான் திறம் என்றாள். எங்கே படித்தாளோ தெரியாது, கேட்டபோது உண்மையாகத்தான் இருந்தது.

கட்டிடப் பொறுப்பாளரிடம் போய் அனுமதி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைக்கக் கூடாது, துளை போடக் கூடாது, போத்தல் தொட்டியில் போத்தல் வீசக் கூடாது என்று சட்டப் பலகையில் வரிசையாக எழுதியிருந்தது. பாடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மனுசன் அந்தப் பலகையை மேலிருந்து கீழ் வரைக்கும் இரண்டு தரம் வாசித்துவிட்டு, வேறு வழியில்லாமல் சரி என்றார். பக்கத்து அறையில் ஒரு துவைக்கும் இயந்திரமும் ஓடாத ஒரே நாள் அதுதான். சுவிஸ் சட்டம் எனக்குக் காதல் தூது போன ஒரே சந்தர்ப்பமும் அதுதான்.

முதல் ஞாயிறே எனக்கு மூக்கு உடைபட்டது. முப்பது வருடமாகக் கலியாண மேடைகளில் எக்கோப் பெட்டியைத் திருகிவிட்டுப் பாடியவன் நான். எக்கோ இருந்தால் சுருதி கொஞ்சம் சறுக்கினாலும் அது மண்டபம் முழுக்கச் சுற்றித் திரிந்து கும்பலோடு கும்பலாக மறைந்துவிடும். பிள்ளையின் மெஷினில் எக்கோ என்ற ஒன்றே இல்லை. முதல் பாட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டபோது, இது யாருடைய குரல் என்று நான் மெய்யாகவே கேட்டேன்.

“உங்கடைதான் அங்கிள்.”

“இப்பிடியோ நான் பாடுறன்?”

“இப்பிடித்தான் அண்ணை பாடுறனீங்கள்,” என்றார் பாடகி. “எனக்கு எப்பவும் தெரியும். மேடையிலை நான் உங்களுக்குப் பக்கத்திலை நிக்கிறனான் எல்லோ.”

வெட்கத்தில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கலாம் போல இருந்தது. ஆனால் அவர் அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. அந்தக் குரலைத் தனக்குப் பழக்கம் என்பதுபோலச் சொன்னார். இதை வைத்துக்கொண்டே நான் ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன். முதியோர் இல்லத்தில் சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன், அன்றைக்குத்தான் ருசியாக இருந்தது என்று ஒரு கிழவர் கை குலுக்கினார்.

இனி அந்த ரிப்பன் மைக். இதை விளங்கப்படுத்தாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. நாங்கள் மேடையில் பிடிக்கிற மைக் முன்பக்கம் மட்டும்தான் கேட்கும். இந்த மைக்குக்குள்ளே மெல்லிய அலுமினிய நாடா ஒன்று தொங்குகிறது, அதற்கு முன்னாலும் கேட்கும், பின்னாலும் கேட்கும், இரண்டு விலாப் பக்கமும் செவிடு. மச்சானின் டோலக் சத்தம் கூடுதலாக இருந்ததால் அவனை அந்தச் செவிட்டுப் பக்கமாக உட்கார வைத்தாள் பிள்ளை. “என்னைக் கேக்காத பக்கத்திலை இருத்திப்போட்டு என்னத்துக்கு வாசிக்கச் சொல்லுறியள்?” என்று எட்டுப் பாட்டுக்கும் அவன் புறுபுறுத்துக்கொண்டே இருந்தான். தனிப் பாட்டுகளுக்கு இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. டூயட் என்றால் ஒருவர் மைக்கின் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். முகத்துக்கு முகம். நடுவில் ஒரு மைக்கின் அகலம் மட்டும்.

கலியாண மேடையில் எப்படி டூயட் பாடுவோம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் பயங்கரம் விளங்கும். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம், இரண்டு பேரும் சபையைப் பார்ப்போம், கையில் போனில் வரிகள் ஓடும். எவ்வளவு உருகிப் பாடினாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். பார்த்தால் அடுத்த நாள் ஊர் வம்போடு போன் பறக்கும். இத்தனை வருடம் அவரோடு காதல் பாட்டுப் பாடியிருக்கிறேன், பாடும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

டூயட்டுக்குக் குறித்த ஞாயிறு நவராத்திரி முடிந்த கையோடு வந்தது. வழக்கம்போல ஸ்டேஷனில் தற்செயலாக நின்றேன். பாடகி கடலையும் அவலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார், கோயிலில் கொடுத்த சந்தனமும் குங்குமமும் ஒரு சின்ன டப்பாவில் இருந்தன. “கோயிலிலை கம்ப்யூட்டருக்குக்கூடப் பொட்டு வைச்சவை. எங்கடை மெஷின் மட்டும் என்ன பாவம் செய்தது?” என்றார். கீழே போனதும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். கீபோர்டுக்கு, டோலக்குக்கு, மைக் தாங்கிக்கு, என் அரிசி மூட்டைக்குக்கூட. பிறகு டேப் மெஷினின் மூடியைத் தூக்கினார்.

டேப் ஓடுகிற பாதையில் விரல் நுனி அளவில் மூன்று உலோகக் கட்டிகள் இருக்கும். தலைகள் என்று அவற்றுக்குப் பெயர். முதலாவது தலை டேப்பில் உள்ள பழையதை அழிக்கும், இரண்டாவது புதியதை எழுதும், மூன்றாவது வாசிக்கும். பாடகி அந்த மூன்றையும் பார்த்தார், ஒரு கணம் யோசித்தார், முதலாவதுக்கு மட்டும் நல்ல தடிப்பாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் தொட்டார். “முதலாவது எப்பவும் பிள்ளையாருக்கு,” என்றார்.

தடுத்திருக்க வேண்டும். நான் அவர் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சானோ கடலைப் பொட்டலத்தைத் திறந்துகொண்டிருந்தான். பிள்ளை மேசைக்குக் கீழே வயர்களோடு இருந்தாள். கிறிஸ்தவப் பிள்ளை, கண்டிருந்தாலும் அது அழகு என்று நினைத்திருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் ஒலி அளவு பார்க்க வேண்டும் என்று டேப்பை ஓடவிட்டு, என்னிடமும் மச்சானிடமும் “நீங்கள் இரண்டு பேரும் மைக்கிலை கொஞ்சம் கதையுங்கோ, நாங்கள் தேத்தண்ணி கொண்டு வாறம்” என்று சொல்லிவிட்டுப் பிள்ளை பாடகியையும் கூட்டிக்கொண்டு மேலே என் வீட்டுக்குப் போனாள். கான்கிரீட் கதவு சாத்தியது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மச்சான் எழும்பி வந்து பாடகி நிற்கிற இடத்தில், எனக்கு நேர் எதிரே நின்றான்.

“டேய், இண்டைக்குக் கடைசிப் பாட்டு. ஒன்பதாவது பாட்டுக்கு உன்னட்டை என்ன சாட்டு இருக்கு?”

“சத்தம் போடாதை. டேப் ஓடுது.”

“ஓடட்டும். திருப்பிச் சுத்தி இதுக்கு மேலைதானே பதியிறது, எல்லாம் அழிஞ்சிடும். அவ பிளேன் ஏறின பிறகு எயார்போட்டிலை நிண்டு சொல்லப்போறியோ?”

அழிந்துவிடும் என்ற துணிவில் எனக்கு வீரம் வந்துவிட்டது. “இல்லை மச்சான், இண்டைக்குத்தான். பாட்டு முடிய அவவிட்டைக் கேக்கிறன். கனடாவுக்குப் போகாதேங்கோ, என்னைக் கட்டுங்கோ எண்டு கேக்கப்போறன். சத்தியமாக் கேக்கிறன்,” என்றேன். நெஞ்சில் கையும் வைத்தேன்.

“உனக்கு வாய் வராது.”

“பார்.”

கதவு திறந்தது. நாங்கள் இரண்டு பேரும் மைக்கைப் பார்த்து, “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று எண்ணத் தொடங்கினோம். பிள்ளை முள் ஆடுவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, டேப்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சுற்றினாள்.

முதலில் டேப்பை ஓட்டாமல் ஒத்திகை. மைக்கின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவர். போனைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளையின் கட்டளை, ஏனென்றால் குனிந்தால் குரல் மைக்கை விட்டுப் போய்விடும். முன்னிசை முடிந்தது. நான் தலையை நிமிர்த்தினேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு எங்கே பார்ப்பார், வேறு பார்க்க இடமே இல்லை. என் முதல் வரி எங்கோ பறந்துபோய்விட்டது. மச்சான் டோலக்கில் அதே தாளத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது முறை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது முறை அவர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடங்கினோம். பள்ளிக்கூடத்தில் பின் வாங்குப் பலகையில் இருந்து அடி வாங்கியவன் நான், எனக்கே அப்படிச் சிரித்த நினைவு இல்லை. அவருக்குக் கண்ணால் தண்ணீர் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, “இப்பிடி முகத்தைப் பாத்துப் பாடிப்போட்டுப் பேந்து அண்ணை எண்டு கூப்பிட ஏலாது போல கிடக்குது,” என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வசனத்தில் எது பகிடி, எது பகிடி இல்லை என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு முழு இரவு தேவைப்பட்டிருக்கும், ஆனால் பிள்ளை, “ரூஹே! சத்தம் வேண்டாம்! டேப் ஓடப்போகுது” என்று கத்தினாள்.

சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. வேகம் சீராகும் வரைக்கும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அதுவரை யாரும் மூச்சு விடக் கூடாது. பிறகு பிள்ளை தலையை ஆட்டினாள்.

நாங்கள் பாடினோம். எப்படிப் பாடினோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் வரியை விட்டால் அவர் புருவத்தை உயர்த்தி எடுத்துக் கொடுத்தார். அவர் மூச்சு எடுப்பது தெரிந்ததும் நான் என் குரலை இறக்கினேன். மேடையில் ஒரு நாளும் இப்படிப் பாடவில்லை, ஒரு நாளும் இப்படிப் பாடலாம் என்று தெரிந்திருக்கவும் இல்லை. கடைசிச் சரணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பாடும் இடம் வந்தபோது என் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. டோலக் நின்றது. கீபோர்டின் கடைசிச் சுரம் அடங்கும் வரை அப்படியே நின்றோம். பிள்ளை டேப்பை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள். எல்லோரும் கத்தினோம். மச்சான் டோலக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று ஆடினான், ஆடிய வேகத்தில் யாருடையதோ பனிச்சறுக்குக் கட்டைகளைச் சரித்து விழுத்தினான்.

இப்போது கேட்க வேண்டும். பாட்டு முடிந்துவிட்டது. மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். “முதல் ஒருக்காப் போட்டுக் கேப்பமே,” என்றேன். அது தப்பிக்கிற வழி என்று நினைத்தேன்.

பிள்ளை டேப்பைத் திருப்பிச் சுற்றிவிட்டு, ஒலியை நன்றாகக் கூட்டினாள். ஸ்பீக்கரில் டேப்பின் சீ என்ற இரைச்சல் வந்தது. பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் நாங்கள் மூச்சுவிடாமல் நின்ற அந்த வெறும் இடம். அந்த இடம் வெறுமையாக இருக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து கதைப்பதுபோல மெல்லிய, ஆனால் தெளிவான ஒரு ஆண் குரல் கேட்டது. எக்கோ இல்லாத குரல், எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்ட குரல்.

“…பாட்டு முடிய அவவிட்டைக் கேக்கிறன். கனடாவுக்குப் போகாதேங்கோ, என்னைக் கட்டுங்கோ எண்டு கேக்கப்போறன். சத்தியமாக்…”

அதன்மேல் முன்னிசை வந்து விழுந்தது.

பிள்ளை டேப்பை நிறுத்தினாள். மூடியைத் தூக்கினாள். முதலாவது தலையில் சந்தனம் கல்லாகக் காய்ந்து, டேப்பை அந்தத் தலையில் முட்டவிடாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. அழிக்க வேண்டியது அழிக்கவில்லை. “யார் இதிலை சந்தனம் வைச்சது?” என்று கேட்டவள், அடுத்த கணம் டேப்பில் தன் காதில் விழுந்தது என்ன என்று விளங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் டோலக்கின் கயிற்றை மிகவும் அக்கறையாக இறுக்கத் தொடங்கினான். கான்கிரீட் அறையில் ஓட ஒரு கதவுதான், அதற்கு முன்னால் பாடகி நின்றார்.

“திருப்பிப் போடு பிள்ளை,” என்றார்.

பிள்ளை போட்டாள். என் குரல் மறுபடியும் என்னைக் கட்டுங்கோ என்றது. பாடகி சுருதி சரியா என்று பார்ப்பவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் செத்தேன், பிழைத்தேன், மறுபடி செத்தேன். என் காதுகள் சுட்டன.

அவர் கண்ணைத் திறந்தார்.

“பாட்டு முடியக் கேக்கிறதெண்டுதானே சொல்லியிருக்கிறீங்கள்?”

“ஓம்.”

“பாட்டு முடிஞ்சுது. கேளுங்கோ.”

“கனடாவுக்குப் போகாதேங்கோ,” என்றேன்.

“அது கேள்வி இல்லை,” என்றார். “பிள்ளை பிறக்க, போய் ஒரு மூண்டு மாதம் நிண்டு பாத்திட்டுத் திரும்பி வாறன் எண்டு மகனுக்கு நாலாவது பாட்டுப் பதியேக்கையே சொல்லிட்டன்.”

“நாலாவது பாட்டோ? பேந்து ஏன் எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை?”

“சொன்னால் பாட்டுக் கூட்டுறதை நிப்பாட்டிப் போடுவீங்கள் எண்டு நினைச்சன்.”

இத்தனை ஞாயிறும் நான் இழுத்துக்கொண்டு போனதாக நினைத்திருந்தேன். கயிற்றின் மற்ற நுனியை அவர் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன், முகம் முழுக்கச் சிரிப்பு என்று பிறகு மச்சான் சொன்னான்.

“மற்றதைக் கேளுங்கோ,” என்றார் அவர். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மற்றதைக் கேட்டேன். மச்சானுக்கும் பிள்ளைக்கும் அரிசி மூட்டைகளுக்கும் முன்னால், தட்டுத் தடுமாறி, பாதியில் ஒருமுறை தொண்டையைச் செருமி, ஆனால் முழுதாகக் கேட்டேன்.

“ஓம்,” என்றார். பிறகு ஒரு விரலைத் தூக்கினார். “ஆனால் ஒண்டு. நான் வில் ஊரை விட்டு வரமாட்டன். காலமை மருந்து குடுக்க, குளிப்பாட்ட நான் போகாட்டி அங்கை என்ரை கிழவிமார் தவிச்சுப் போவினம். நீங்கள்தான் உங்கடை வேலை, வீடு எல்லாத்தையும்—”

“வாறன்,” என்றேன். அவர் இன்னும் வசனத்தை முடித்திருக்கவில்லை.